கப்பிச் சாலைக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும்? நம் ஊர் சைக்கிள் கடையில் கேட்டால், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி நிக்கணும்” என்பார்கள். தார்ச் சாலைக்கு அந்தப் பேச்சு செல்லும். கப்பிச் சாலையில் அப்படிக் காற்றடித்துக்கொண்டு போனால் பத்தாவது கிலோமீட்டரில் மணிக்கட்டு கெஞ்சும். இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்த வண்டிக்குத்தான் கிராவல் பைக் என்று பெயர்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு சிற்றூர். அதைச் சுற்றி ஃபிளின்ட் மலைப் புல்வெளி. அதற்குள் கண்ணுக்கெட்டிய வரை கப்பிச் சாலைகள். 2006ல் அங்கே 200 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கியது. இப்போது அதன் பெயர் அன்பவுண்ட். ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயரை அங்குள்ள கூரான கற்கள் கிழித்துப்போட்டன. மவுண்டன் பைக் தாக்குப்பிடித்தது, ஆனால் அவ்வளவு தூரத்துக்கு அது கனம், மந்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி தேவைப்பட்டது. 2022ல் இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் இதற்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது.

பார்வைக்கு இது ரேஸ் சைக்கிள்போலத்தான் இருக்கும். கீழே வளைந்திறங்கும் ஹாண்டில்பார். நுனி மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், குலுங்கும் பாதையில் பிடி நழுவாமலிருக்க. டிஸ்க் பிரேக். பல வண்டிகளில் முன்னால் ஒரே செயின்வீல்தான். அதில் 40 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 44 பல் என்றால், பெடல் ஒரு சுற்று வருவதற்குள் பின்சக்கரம் ஒரு சுற்றைக்கூட முடிக்காது. ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். இவையெல்லாம் சௌகரியங்கள். வண்டியின் உயிர் டயரில் இருக்கிறது.

ரேஸ் சைக்கிள் டயரின் அகலம் சுமார் 25 முதல் 30 மில்லிமீட்டர். கிராவல் டயர் 38 முதல் 45 வரை. அதில் 80 பி.எஸ்.ஐ. அடித்தால், இதில் 30 அல்லது 40 போதும். காற்று குறைந்தால் வண்டி இழுக்காதே என்று தோன்றும். வழவழப்பான தரையில் அது உண்மை. கப்பியில் நடப்பதைக் கிட்டேயிருந்து பாருங்கள். புளியங்கொட்டை அளவு கல் ஒன்று சக்கரத்தின் வழியில் கிடக்கிறது. இறுகிய டயர் அதன்மேல் ஏறி இறங்கியாக வேண்டும். ஏறும்போது வண்டியோடு ஓட்டுபவரும் சில மில்லிமீட்டர் தூக்கப்படுகிறார். மறுகணம் தொப்பென்று விழுகிறார். தூக்கியதற்கான ஆற்றல் கால்களிலிருந்து வந்தது. விழும்போது அது தோளிலும் முதுகுத் தசையிலும் சிதறி வெப்பமாகிப் போகிறது. கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான கல். காற்று குறைந்த அகல டயரோ அந்தக் கல்லை உள்வாங்கிக் குழிகிறது. கல் கடந்ததும் நிமிர்ந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அச்சு ஏறி இறங்காமல் நேர்கோட்டில் போகிறது.

35 நல்லதென்றால் 15 இன்னும் நல்லதா என்றால், இல்லை. அப்போது ரிம் நேராகக் கல்லில் மோதும். ட்யூப் உள்ள டயரில், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். அதனால்தான் கிராவல் பைக்கில் ட்யூப்பையே எடுத்துவிட்டு உள்ளே பால்போன்ற ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் புகுந்து உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வண்டி சரி, கார் லாரி இல்லாத கப்பிச் சாலைக்கு எங்கே போவது? ஐரோப்பாவில் இதற்கு அருமையான விடை, செத்துப்போன ரயில் பாதைகள். அவற்றில் என் ஓட்டு ஏட்ரியாட்டிக் கடலோரத்து பரென்சானாவுக்கு.

ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு காலத்தில், 1902ல், த்ரியெஸ்தே துறைமுகத்திலிருந்து இஸ்த்ரியா தீபகற்பத்தின் பொரெச் வரை ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். தண்டவாள இடைவெளி 760 மில்லிமீட்டர், நீளம் 123 கிலோமீட்டர். ஒயினும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் ஏற்றிப் போன ரயில் அது. 1935 ஆகஸ்ட் 31ல் பாதையை மூடினார்கள். கழற்றிய தண்டவாளங்கள் அபிசீனியாவுக்குக் கப்பலேறியதாகவும் வழியில் கப்பலோடு மூழ்கியதாகவும் ஒரு கதை உண்டு, கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். இன்று அந்தத் தடம் மூன்று நாடுகளில் கிடக்கிறது: இத்தாலியில் 13 கிலோமீட்டர், ஸ்லோவேனியாவில் 32, குரோஷியாவில் 78. ஸ்லோவேனியாவில் பெரும்பாலும் தார் போட்டுவிட்டார்கள். குரோஷியாவில்தான் கப்பி.

ரயில் பாதை சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் சுலபமாக வழுக்கும், செங்குத்தாக ஏறாது. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல் பல் வைத்த தண்டவாளம் இதற்கு இல்லை. ஆகவே எந்த இடத்திலும் ஆயிரம் மீட்டருக்கு 28 மீட்டருக்கு மேல் ஏறாதபடி மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையை வளைத்தார்கள். வளைக்க முடியாத இடத்தில் கல் பாலமும் சுரங்கமும் வந்தன. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். இந்தச் சரிவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 90 வாட் கொடுக்க வேண்டும். சுமாரான உடம்புக்காரரும் கொடுத்துவிடலாம். பத்து சதவீதச் சரிவுள்ள மலைச் சாலையில் அதே வேகத்துக்கு 325 வாட்டுக்கு மேல் வேண்டும். பந்தயக்காரர்களுக்கே மூச்சு வாங்கும். லிவாடே கிராமம் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. க்ரோஷ்னியான் 293 மீட்டர் உயரத்தில். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஏறலாம் என்றால், அந்தப் புண்ணியம் நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய ரயில் பொறியாளர்களுடையது.

கப்பியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆற்றுக் கூழாங்கல் உருண்டை, சக்கரத்தடியில் உருண்டோடும். உடைத்த ஜல்லிக்கு முனைகள் உண்டு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதன்மேல் கிரஷர் தூள் போட்டு உருட்டினால் கெட்டிப்படும், மழைநீரும் வடியும். தூள் அரித்துப்போன இடங்களில் ஜல்லி தனித்தனியாகக் கிளம்பி நிற்கும். அங்கே பிரேக்கை முன்கூட்டியே பிடித்துவிட்டு, திருப்பத்துக்குள் பிடிக்காமல் போவது நல்லது.

வழியில் பார்க்க வேண்டியது நிறைய. ஸ்லோவேனியாவின் எல்லையோரம் செச்சோவ்லே உப்பளம். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக உப்பு விளைகிறது. பாத்தியின் அடியில் பாசியும் நுண்ணுயிரும் கனிமமும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்றை வளர்த்துக் காக்கிறார்கள். பெயர் பெத்தோலா. உப்பு வாரும்போது சேறு கலக்காமல் தடுப்பது அதுதான். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்காரர்கள் இதை ஆர்வமாகப் பார்ப்பார்கள். இன்னும் தெற்கே போனால் மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கு. குன்றின் உச்சியில் மதில் சூழ்ந்த மொதோவுன். கீழே உள்ள கருவாலிக் காட்டிலிருந்து வெனிஸ் குடியரசின் கப்பல்களுக்கு மரம் போயிற்று. இப்போது அந்தக் காட்டு மண்ணுக்கடியில் நாய்களை விட்டு ட்ரஃபிள் காளான் தேடுகிறார்கள். 1999ல் இப்பகுதியில் கிடைத்த வெள்ளை ட்ரஃபிள் ஒன்று 1.31 கிலோ, கின்னஸில் ஏறியது.

முழுப் பாதையும் வண்டியே வராத பாதை என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஊர்களை ஒட்டிய இடங்களில் சாலையில் கலந்து போக வேண்டியிருக்கும்; திராட்சைத் தோட்டங்களுக்கிடையே டிராக்டர் எதிர்ப்படலாம். காற்றையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து இறங்கும் போரா காற்று, 1910 மார்ச்சில் முஜ்ஜா அருகே இந்த ரயிலையே கவிழ்த்து உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது.

போக நினைப்பவர்கள் மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். இதற்காக லட்சக்கணக்கில் செலவழித்துக் கிராவல் பைக் வாங்க வேண்டியதில்லை. 40 மில்லிமீட்டர் டயர் நுழையும் எந்த நல்ல சைக்கிளும் போதும், அங்கேயே வாடகைக்கும் கிடைக்கும். சுரங்கங்களுக்கு முன்விளக்கு கட்டாயம் வேண்டும். குரோஷியா 2023 ஜனவரி 1ல் ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டதால் மூன்று நாட்டுக்கும் ஒரே விசா, ஒரே பணம். ஆனாலும் எல்லையில் அவ்வப்போது சோதனை நடப்பதுண்டு. பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.