பன்னாட்டு விமான நிலையங்களின் பயணியர் சேவைப் போட்டி

பயணிகளையும் விமான நிறுவனங்களையும் தம்பால் ஈர்ப்பதற்காக, வசதி, வேகம், தூய்மை, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பன்னாட்டு விமான நிலையங்கள் ஒன்றையொன்று விஞ்ச முயல்வதே பயணியர் சேவைப் போட்டி எனப்படுகிறது. விமானம் ஏறி இறங்கும் இடம் என்ற அளவில் இருந்த நிலையங்கள், 1980களுக்குப் பின் வணிக நிறுவனங்களைப் போல இயங்கத் தொடங்கின. சிங்கப்பூரின் சாங்கி, தென்கொரியாவின் இஞ்சியோன், ஹாங்காங், துபாய், தோகாவின் ஹமாத் ஆகியவை இப்போட்டியில் முன்னணியில் நிற்பவை.

போட்டி யாருக்காக?

ஓர் ஊரில் வசிப்பவருக்குப் பெரும்பாலும் ஒரே விமான நிலையம்தான் உண்டு. அது நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கிருந்துதான் அவர் புறப்பட வேண்டும். ஆகவே அவரைக் கவர வேண்டிய கட்டாயம் நிலையத்துக்குக் குறைவு. ஆனால் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்லும் இடைமாற்றப் பயணியின் நிலை வேறு. சென்னையிலிருந்து லண்டன் செல்பவர் துபாய், தோகா, அபுதாபி என எவ்வழியாகவும் போகலாம். சிட்னி செல்பவர் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணமும் பயண நேரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, இடையில் காத்திருக்கும் நான்கு மணி நேரம் எப்படிக் கழியும் என்பது முடிவைத் தீர்மானிக்கக் கூடும். போட்டியின் மையம் இந்தப் பயணிதான்.

சிங்கப்பூர், கத்தார், துபாய் போன்ற இடங்களில் உள்ளூர் மக்கள்தொகை குறைவு. அவர்களை மட்டும் நம்பி நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு விமானம் இயக்க முடியாது. மாறிச் செல்லும் பயணிகள் சேர்ந்தால்தான் அத்தனை தடங்களும் தாக்குப்பிடிக்கும். எனவே அங்கெல்லாம் நிலையமும் நாட்டின் விமான நிறுவனமும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன.

வருவாயின் இரு வழிகள்

விமான நிலையத்தின் வருவாய் இருவகைப்படும். விமானங்கள் தரையிறங்குதல், நிறுத்துதல் ஆகியவற்றுக்கான கட்டணமும், பயணியின் சீட்டிலேயே சேர்த்து வாங்கப்படும் நிலையக் கட்டணமும் முதல் வகை. கடைகளின் வாடகை, உணவகம், வாகன நிறுத்தம், விளம்பரம் ஆகியவை இரண்டாம் வகை. உலக அளவில் மொத்த வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்த இரண்டாம் வகையிலிருந்து வருகிறது. 1947இல் அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் திறக்கப்பட்ட தீர்வையில்லாக் கடை இதற்கு முன்னோடி.

சேவைக்கும் இவ்வருவாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாதுகாப்புச் சோதனை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பவர் கடைக்குள் நுழைவதில்லை. பத்து நிமிடத்தில் சோதனை முடிந்தவருக்கு மீதி நேரம் கையில் இருக்கிறது, மனமும் இளகியிருக்கிறது. வரிசையைக் குறைப்பது பயணிக்கு நன்மை, நிலையத்துக்கு வருமானம்.

சாங்கியின் வழி

சிங்கப்பூரின் பழைய நிலையமான பாய லேபார் நகரக் குடியிருப்புகளால் சூழப்பட்டிருந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தைக் கைவிட்டு, தீவின் கிழக்குமுனையான சாங்கியில் புதிய நிலையம் கட்ட 1975இல் முடிவாயிற்று. கடலைத் தூர்த்து நிலம் மீட்கப்பட்டது. விமானங்கள் கடலின் மேலாக வந்திறங்குவதால் நகருக்கு இரைச்சல் குறைந்தது. விரிவாக்க இடமும் கிடைத்தது. 1981இல் முதல் முனையம் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் முனையம் 1990இலும், மூன்றாவது 2008இலும், நான்காவது 2017இலும் திறக்கப்பட்டன. ஒரு முனையம் நிரம்பி வழியும் முன்பே அடுத்ததைத் திட்டமிடுவது சாங்கியின் வழக்கம். 5 கோடிப் பயணிகளைக் கையாளவுள்ள ஐந்தாம் முனையத்தின் கட்டுமானம் 2025இல் தொடங்கியது.

மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம், முதல் முனையத்தின் நீச்சல் குளம், கட்டணமில்லாத் திரையரங்கு, நீண்ட நேரம் காத்திருப்போருக்கான இலவச நகர் உலா ஆகியவை சாங்கியின் அறியப்பட்ட அடையாளங்கள். 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஜூவல் வளாகம், முன்பு முதல் முனையத்தின் வாகன நிறுத்துமிடம் இருந்த இடத்தில் எழுந்தது. கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்த இதன் நடுவில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி விழுகிறது. இது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே அமைந்துள்ளது. விமானச் சீட்டு இல்லாத உள்ளூர்க் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம். அதாவது விமான நிலையம் இங்கே நகரத்தின் அங்காடியாகவும் ஆகிவிட்டது. அதே ஆண்டில் சாங்கியைப் பயன்படுத்தியோர் 6.83 கோடிப் பேர்.

பிற போட்டியாளர்கள்

2001இல் திறக்கப்பட்ட இஞ்சியோன், கொரியப் பண்பாட்டு நிகழ்ச்சிகளையும் கைவினைப் பயிற்சிகளையும் காத்திருப்போருக்கு அளித்துத் தனக்கென ஒரு முகத்தை உருவாக்கிக்கொண்டது. துபாய் நிலையம் 2014 முதல் பன்னாட்டுப் பயணியர் எண்ணிக்கையில் உலகில் முதலிடம் வகிக்கிறது; 2024இல் அதன் பயணிகள் 9.2 கோடியைத் தாண்டினர். 2014இல் இயங்கத் தொடங்கிய ஹமாத் நிலையம், பெரிய கலைப்படைப்புகளையும் 2022இல் திறந்த உள்ளரங்கத் தோட்டத்தையும் முன்னிறுத்துகிறது. இந்தியாவில் 2008இல் புதிதாகத் தோன்றிய பெங்களூரு, ஐதராபாத் நிலையங்கள் தனியார் பங்கேற்புடன் வளர்ந்தன. 2022இல் திறக்கப்பட்ட பெங்களூருவின் இரண்டாம் முனையம் தோட்டத்தையே கருப்பொருளாகக் கொண்டது.

நல்ல சேவையின் கூறுகள்

அருவியும் தோட்டமும் படமாகப் பரவும். ஆனால் பயணியின் மனநிறைவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சாதாரண விஷயங்களே.

வழி தெரிதல்: புதிய இடத்தில் இறங்குபவரின் முதல் கவலை எங்கே போவது என்பது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்துக்காக பென்னோ விஸ்சிங் 1967இல் உருவாக்கிய பலகை முறை, நிறத்தாலேயே தகவலைப் பிரித்துக் காட்டியது. பாரிசின் சார்லஸ் டி கால் நிலையத்துக்காக அட்ரியன் ஃபுருட்டிகர் வடிவமைத்த எழுத்துரு தொலைவிலிருந்தும் சாய்வாகவும் படிக்கத்தக்கது. நல்ல பலகை இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காத்திருப்பு: வரிசையின் நீளத்தைவிட, எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் நிற்பதே அதிக எரிச்சலைத் தருகிறது. ஆகவே பல நிலையங்கள் எதிர்பார்க்கப்படும் நேரத்தைத் திரையில் காட்டுகின்றன. முகம், கருவிழி ஆகியவற்றை அடையாளம் காணும் தானியங்கி வாயில்கள் குடிநுழைவை விரைவாக்குகின்றன. இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜியாத்திரா, உள்நாட்டுப் பயணத்தில் முகத்தையே நுழைவுச் சீட்டாக்கியது.

விமானம் மாறுதல்: ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறத் தேவையான குறைந்தபட்ச நேரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் வரையறுக்கப்படுகிறது. இது குறைவாக இருந்தால் விமான நிறுவனங்கள் குறுகிய பயண நேரத்தைக் காட்டிச் சீட்டு விற்கலாம். பயணி நடக்கும் தூரம் மட்டுமல்ல, அவர் பெட்டி அதே நேரத்துக்குள் மாறிச் சேருவதும் இதில் அடங்கும்.

தூய்மை: கழிப்பறையின் நிலை முழு நிலையத்தைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றிவிடும். சாங்கியில் கழிப்பறை வாசலில் உள்ள தொடுதிரையில் பயணி தம் கருத்தைத் தெரிவிக்கலாம். குறை பதிவானால் தூய்மைப் பணியாளருக்கு உடனே தகவல் போகும்.

தரத்தை அளத்தல்

இரண்டு மதிப்பீடுகள் அதிகம் பேசப்படுகின்றன. பிரிட்டனின் ஸ்கைட்ராக்ஸ் நிறுவனம் இணையவழிக் கருத்துக் கணிப்பு நடத்தி ஆண்டுதோறும் உலகின் சிறந்த நிலையத்தை அறிவிக்கிறது. இதில் சாங்கி 2013 முதல் 2020 வரை தொடர்ந்து எட்டு முறை முதலிடம் பெற்றது. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஹமாத்தும், 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் சாங்கியும் வென்றன. மற்றொன்று, விமான நிலையங்களின் உலகக் கூட்டமைப்பு நடத்தும் சேவைத் தர ஆய்வு. இதில் பயணம் செய்யும் நாளன்றே நிலையத்துக்குள் பயணியிடம் கேள்வித்தாள் தரப்படுகிறது. இதில் இஞ்சியோன் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் வகித்தது.

இரண்டுக்கும் வரம்புகள் உண்டு. முதலாவதில் விருப்பமுள்ளவர் மட்டுமே வாக்களிக்கிறார். இரண்டாவதில் சேர்ந்துள்ள நிலையங்கள் மட்டுமே ஒப்பிடப்படுகின்றன. புறப்பாட்டு வாயிலில் கேள்விக்குப் பதில் எழுதுபவர் விமானத்தைப் பிடித்துவிட்டவர். தவறவிட்டவரின் கருத்து அங்கே பதிவாவதில்லை.

தோல்விகள் சொல்வது

ஹாங்காங்கின் புதிய நிலையம் 1998 ஜூலையில் திறந்தபோது, தகவல் திரைகளும் சரக்குக் கையாளும் அமைப்பும் செயலிழந்து பெருங்குழப்பம் ஏற்பட்டது. பிற்பாடு அதே நிலையம் பலமுறை உலகின் சிறந்ததாகத் தேர்வு பெற்றது. சுமார் 430 கோடி பவுண்டு செலவில் எழுந்த லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச்சில் திறந்த அன்றே பெட்டிகள் தேங்கின. நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஊழியருக்குப் போதிய பழக்கம் ஏற்படுமுன் திறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்குறைப்புச் செய்த ஐரோப்பிய நிலையங்கள், 2022 கோடையில் பயணிகள் திரும்பியபோது திணறின. புறப்படுவோர் எண்ணிக்கையை நாளொன்றுக்கு ஒரு லட்சமாக ஹீத்ரோ மட்டுப்படுத்த நேர்ந்தது. கட்டடம் அப்படியே இருந்தது; பெட்டி தூக்கவும் சோதனை செய்யவும் ஆள் இல்லை. சேவை என்பது இறுதியில் குறைந்த ஊதியத்தில் இரவுப் பணி பார்க்கும் மனிதர்களின் உழைப்பே என்பதை அந்தக் கோடை காட்டியது.

செலவு யாருடையது, பயன் யாருக்கு?

இப்போட்டியின் செலவு எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. சாங்கியில் 2018 ஜூலை முதல், அங்கிருந்து பயணத்தைத் தொடங்குவோருக்கான மொத்தக் கட்டணம் 47.30 சிங்கப்பூர் டாலராக உயர்ந்தது. விமானம் மாறுவோருக்கு அது அப்போது 9 டாலராக மட்டுமே இருந்தது. புறப்படுவோர் பதிவு முகப்பு, குடிநுழைவு ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள் என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. விமானம் மாறுபவர் கட்டணம் கூடினால் வேறு ஊர் வழியாகப் போய்விடுவார். உள்ளூர்க்காரர் போக முடியாது. மறுபுறம், மாறிச் செல்வோர் வருவதால்தான் உள்ளூர்க்காரருக்கு அத்தனை நகரங்களுக்கும் நேரடி விமானம் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வசதி என்பதும் ஆளுக்கு ஆள் மாறுபடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைக் காண முதன்முறை விமானம் ஏறும் பெற்றோர் பலர், நடக்க முடிந்தவர்களாக இருந்தும் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்கிறார்கள். மொழி தெரியாத இடத்தில் அடுத்த வாயில் வரை யாராவது கூட வர வேண்டும் என்பதே அவர்கள் தேவை. அவர்களுக்கு வேண்டியது நீச்சல் குளமன்று. தம் மொழியில் ஒரு பலகை, கேட்டால் நின்று பதில் சொல்லும் ஓர் ஊழியர், இரவில் சாய்ந்துகொள்ள ஓர் இருக்கை.

ஒரு நிலையத்தின் தரத்தை மதிப்பிட விரும்புபவர் அதன் மிகச்சிறந்த ஓய்வறையையோ அருவியையோ மட்டும் பார்த்தால் போதாது. பெட்டி வராதபோதும், விமானம் ரத்தாகும்போதும், மொழி அறியாத முதியவர் வழி தவறும்போதும் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். போட்டி அந்த இடங்களுக்கும் பரவும்போதுதான் அதன் பயன் எல்லாப் பயணிகளையும் சேரும்.