பீலித் தண்ணீரின் ரசாயனம்

மலையகத்துத் தோட்டங்களில் தேயிலைப் பானத்தைத் தேத்தண்ணீர் என்றும், பால் சேராததைச் சாயத்தண்ணி என்றும் வழங்குவது கேட்பதற்குச் சாமானியமான பேச்சாகத் தோன்றினாலும், தண்ணீருக்குரிய பங்கைப் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் அந்த வழக்கு ரசாயன சாஸ்திரத்துக்கு முற்றிலும் இசைந்தது. அட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்துப் பீலியில் பிடித்த தண்ணீரில் தெளிந்து செம்பொன்னாய் மின்னும் அதே தேயிலை, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் நிறம் மங்கி, மேலே மெல்லியதோர் ஆடை படியக் கிடப்பதை இரண்டு ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் கண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதனூடே ஊறும் மழைநீர் கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு வன்னீராகிறது. மலைநாட்டின் அடியில் கிடப்பவையோ நைசு, சார்னொக்கைற்று முதலிய புராதனக் கருங்கற் பாறைகள். எத்தனை பருவமழை கண்டாலும் எளிதில் கரைந்துகொடுக்காத அவற்றின்மீது வழிந்துவரும் ஓடை நீர், ஏறக்குறைய வானிலிருந்து விழுந்தபடியே மென்னீராக நம் குடத்துக்கு வந்து சேர்கிறது.

இந்த மென்னீரைத் தேயிலைக்கு முன்னரே பயன்படுத்திக்கொண்ட பானம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஆபிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பிரசித்தி பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவ முனைந்தார். அங்கே பியர் தயாரிப்பின் தொடக்கத்தை 1849 என்று கணக்கிடுவது வழக்கம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப்பயிராக்கியது 1867இல்தான் என்பதை நினைத்தால், மலைநாட்டுப் பியர் மலைநாட்டுத் தேயிலைக்குப் பதினெட்டு ஆண்டுகள் மூத்ததாகிறது. 1881 முதல் வணிக முறையில் நடந்து, லவர்ஸ் லீப் அருவியின் அயலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நிலைபெற்றிருந்த அந்த ஆலை 1990களின் பிற்பகுதியில் பியகமவுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் அதற்கு உலகப்புகழ் தேடித்தந்தது பொன்னிறப் பியர் அன்று, கரிய நிற ஸ்டவுட். விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் சாஸ்திர விதிப்படி மென்னீருக்கும் கரிய பியருக்கும் இயல்பான உறவு கிடையாது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கிச் சுமார் 65 பாகை வெந்நீரில் ஊறவைக்கும்போது, தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. அந்தக் கூழின் அமிலநிலை 5.2க்கும் 5.6க்கும் இடையில் நிற்கும்போதே அவை செவ்வனே தொழில் புரியும். அமிலநிலையை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவுமுறையை 1909இல் வகுத்த சோரன்சன் என்பவர், கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றியவர் என்பது தற்செயலன்று. தண்ணீரிலுள்ள கல்சியம், தானியத்தின் பொசுபேற்றுடன் கூடி அமிலத்தை விடுவிக்கிறது. இருகாபனேற்று அந்த அமிலத்தை விழுங்கிவிடுகிறது. கருக வறுத்த தானியமோ தானே அமிலத்தைக் கொண்டுவருகிறது.

இம்மூன்றின் இழுபறியை அறிந்துகொண்டால் ஐரோப்பியப் பியர்களின் வரலாறு விளங்கிவிடும். இருகாபனேற்று மிகுந்த டப்ளின் நீரில் வெளிறிய தானியம் தடுமாறியபோது, வறுத்த தானியத்தின் அமிலம் அந்த நீரைச் சமன்செய்து கரிய ஸ்டவுட்டை வாழவைத்தது. கனிமமே இல்லாதது போன்ற பில்சன் நகரத்து நீரில் 1842இல் யோசப் குரோல் பொன்னிறப் பியரை உருவாக்கினார். ஜிப்சம் செறிந்த பேர்ட்டன் நகரத்து நீரின் சல்பேற்று, ஹாப்ஸ் பூவின் கசப்பைக் கூர்மையாக்கிப் புகழ்பெற்றது. பிற ஊரார் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து அதைப் போலச்செய்யும் வழியை 1878இல் சார்ள்ஸ் வின்சென்ட் என்ற ஆங்கில ரசாயனி காட்டினார்.

நுவரெலியாவின் நீர் பில்சனின் ஜாதி. அதில் கருக வறுத்த தானியத்தை அப்படியே கொட்டினால், அமிலத்தை ஏந்திக்கொள்ள இருகாபனேற்று இல்லாமையால் கூழ் வேண்டிய அளவுக்கும் மேலாகப் புளித்து, பியர் நாவில் கடுக்கும். இதற்குரிய பரிகாரம் தோட்டத்தாருக்குப் புதிதன்று. தேயிலைச் செடி அமில மண்ணை விரும்புவதாயினும், உரத்தாலும் மழையாலும் அமிலம் எல்லை மீறும்போது, கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலையில் டொலமைட் தூவுகிறார்களே, அந்த நியாயமே இங்கும் செல்லும்: சிறிதளவு சோடா இருகாபனேற்றைத் தண்ணீரில் சேர்க்கலாம், அல்லது கரிய தானியத்தைத் தனியே ஊறவைத்து, நொதியங்கள் தொழிலை முடித்த பிறகு சேர்க்கலாம்.

வீட்டிலேயே பியர் தயாரிப்பது நம் நாட்டில் அனுமதிப்பத்திரமின்றிச் செய்யக்கூடிய காரியமன்று. ஆயினும் 1963இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய இங்கிலாந்து போன்ற நாடுகளில், சமையலறையில் தராசும் கையுமாக நிற்பவர்கள் இந்தக் கணக்கை நாள்தோறும் போடுகிறார்கள். 20 லீற்றர் மென்னீரில் 4 கிராம் ஜிப்சம் இட்டால், லீற்றருக்குக் கல்சியம் சுமார் 46 மில்லிகிராமும் சல்பேற்று சுமார் 112 மில்லிகிராமும் ஏறும். கசப்பு ஓங்கிய பியருக்கு அது ஏற்றது. அதே நிறையில் கல்சியம் குளோரைட்டை இட்டால் கல்சியம் சுமார் 54, குளோரைட்டு சுமார் 96 மில்லிகிராம் என்றாகி, தானியத்தின் இனிமை திரண்டு நிற்கும். வன்னீர் வாய்த்தவருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. இருப்பதைக் கொதிக்கவைத்துப் படியச்செய்தோ வடிகட்டியோ முதலில் அகற்றியாக வேண்டும். இட்டதை மட்டும் ஏற்றுக்கொள்ளும் வெறுமையே மலைநீரின் செல்வம் என்று சொல்வது இதனால்தான்.

மதுவைத் தொடாதவரும் இந்தச் சாஸ்திரத்தைத் தம் வீட்டிலேயே சோதித்தறியலாம். பீலித் தண்ணீரில் ஊற்றிய சாயத்தண்ணியை மூன்று கோப்பைகளில் நிரப்பி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் அப்பச்சோடாவை ஒரு சிட்டிகை போட்டு, மற்றொன்றில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி பிழிந்து பாருங்கள். சோடா இட்டது கறுத்து யாழ்ப்பாணத்தை நோக்கி நகரும். எலுமிச்சை இட்டது வெளுத்துவிடும். ஒன்றும் இடாத நடுக்கோப்பையில் லவர்ஸ் லீப்பின் தண்ணீர் எந்தப் பக்கம் அழைத்தாலும் போகச் சித்தமாயிருக்கும்.