உங்களுக்குத் தெரியுமா? சிம்லாவை உலுக்கிய மும்பைக் கப்பல்

மும்பையின் ஆண்டாப் ஹில்லிலிருந்து துறைமுகத்தின் ஓரமாகவே தெற்கே போனால் விக்டோரியா டாக் வரும். இரண்டாம் உலகப்போர் மும்பையைச் சுட்ட இடம் அதுதான். சுட்டது எதிரியின் குண்டு அல்ல. நேசநாடுகளின் சொந்தச் சரக்கு.

1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்ட 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கூடவே தங்கக் கட்டிகள். வழியில் கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றினார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பஞ்சு! போர்க்கால அவசரம் எந்த விதியையும் மதிக்கவில்லை. அபாயத்தைச் சொல்லும் சிவப்புக் கொடிகூடக் கப்பலில் பறக்கவில்லை.

ஏப்ரல் 14 பிற்பகல், விக்டோரியா டாக்கில் நின்றிருந்த அந்தக் கப்பலின் பஞ்சில் தீ பிடித்தது. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. 1,700 கிலோமீட்டருக்கு அப்பால், சிம்லாவின் நிலநடுக்கமானியில் அந்த அதிர்வு பதிவானது. கூரையைப் பிளந்து ஒரு வீட்டுக்குள் தங்கக் கட்டி விழுந்தது. இறந்தவர்கள் எண்ணூறுக்கும் மேல் என்கிறது ஒரு மதிப்பீடு. இறந்த துறைமுகக் கூலிகளின் பெயர்களை யாரும் முழுதாக எழுதிவைக்கவில்லை, அதுதான் பெருங்கொடுமை.

தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.