மண்ணுக்கடியில் ஒரு சேமிப்பு: ஆப்பிரிக்கச் சவானாவின் காட்டுப்பூக்கள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பில் பரந்து கிடப்பது சவானா எனப்படும் புல்வெளி. தொலைக்காட்சி வழியாக அதனை அறிந்தோர்க்குச் சிங்கமும் யானையும் வரிக்குதிரையுமே நினைவில் நிற்கும். அவ்விலங்குகளின் காலடியில் மலர்ந்து உதிரும் பூக்களை நோக்குவோர் சிலரே. ஆயினும் அந்நிலத்து மக்களுக்கு உணவாகவும் மருந்தாகவும், வேட்டைக்குத் துணையாகவும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருபவை அப்பூச்செடிகள்.

சவானாவில் ஆண்டின் பல மாதங்கள் மழையின்றிக் கழியும். உலர்ந்த புல்லில் தீ பரவுவதும், மேயும் விலங்குகள் தளிர்களைத் தின்று தீர்ப்பதும் அங்கு இயல்பு. ஆகவே அங்குள்ள செடிகள் பல, தமக்கு வேண்டிய நீரையும் உணவையும் கிழங்கிலோ தடித்த தண்டிலோ சேமித்து வைக்கின்றன. மேற்பகுதி கருகினாலும், முதல் மழைக்குப்பின் மீண்டும் துளிர்த்துப் பூப்பதற்கு அச்சேமிப்பே உதவுகிறது. மனிதர் தேடிச் செல்வதும் பெரும்பாலும் அதனைத்தான். அதில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதே அம்மக்களின் பெருஞ்செல்வம்.

நமக்கு அறிமுகமான மலர்கள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் ஆகும். இரு நிலங்களிலும் அது இயற்கையாக வளர்கிறது. தீச்சுடர் போன்ற இதழ்களைத் தாங்கும் அக்கொடியின் கிழங்கு கொடிய நஞ்சுடையது. அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள், மருத்துவர் அளவறிந்து தரும்போது, யூரிக் அமிலம் மிகுவதால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகிறது. திண்டுக்கல், திருப்பூர் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் விதைக்காகப் பயிரிடுவதும் இதனையே.

நம் மாடித் தோட்டங்களில் தொட்டிகளை அழகுசெய்யும் அடீனியமும் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் தோன்றியதுதான். தான்சானியாவில் வாழும் ஹட்சா வேட்டைக்குடியினர் அதன் சாற்றைக் கொதிக்கவைத்துக் குழம்பாக்கி அம்பு முனைகளில் பூசுவர். இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. அடீனியத்தைக் கிளைவெட்டிய பின் கைகளைக் கழுவுவதும், அதனைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பதும் நலம்.

இத்தகைய அம்பு நஞ்சு ஒன்று மருந்தாக மாறிய வரலாறும் உண்டு. இதழ் நுனிகள் நாடாவைப்போல் நீண்டு தொங்கும் ஸ்டிரோபாந்தஸ் என்னும் கொடியின் விதைகளிலிருந்து சாம்பேசி ஆற்றுப் பகுதி மக்கள் 'கோம்பே' என்ற நஞ்சைத் தயாரித்தனர். 1858 முதல் 1864 வரை டேவிட் லிவிங்ஸ்டன் தலைமையில் நடந்த பயணத்தில் பங்குகொண்ட மருத்துவர் ஜான் கிர்க், இந்நஞ்சு பட்டிருந்த பல்துலக்கியைத் தற்செயலாகப் பயன்படுத்தியபோது தம் நாடித்துடிப்பு மாறுவதைக் கண்டார். பின்னர் எடின்பரோவில் தாமஸ் பிரேசர் நடத்திய ஆய்வுகளால், இக்கொடியிலிருந்து பெறப்பட்ட ஸ்டிரோபாந்தின் இதய நோய்க்கு மருந்தாக ஐரோப்பாவில் வழங்கலாயிற்று.

எல்லாப் பூச்செடிகளும் நஞ்சுடையன அல்ல. நம் ஊர்களில் வேலியோரத்தில் தானே முளைக்கும் நல்வேளை, கென்யாவில் விரும்பி உண்ணப்படும் கீரை. அதன் கசப்பு நீங்க இலைகளை வேகவைத்துப் பால் சேர்த்துச் சமைப்பர். மகப்பேறு அடைந்த பெண்களுக்கு அதனைத் தருவது அங்கு வழக்கம். ஓரிடத்தில் களையெனப் பிடுங்கப்படுவது மற்றோரிடத்தில் சந்தையில் விலைபோகிறது.

தாய்க்கிழங்கைத் தொடாத மரபு

நமீபியா, போட்சுவானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பரவியுள்ள கலகாரி மணற்பரப்பில், தரையோடு படர்ந்து ஊதாநிறப் பூக்களைத் தரும் செடி ஒன்று உண்டு. அதன் காய்களில் உள்ள கொக்கிகள் விலங்குகளின் கால்களைப் பற்றிக்கொள்வதால், ஐரோப்பியர் அதற்குப் 'பேயின் நகம்' என்று பெயரிட்டனர். சான், நாமா இனத்தவர் நெடுங்காலமாக அதன் கிழங்கை உடல்வலிக்கும் செரிமானக் கோளாறுக்கும் பயன்படுத்தி வந்தனர். 20ஆம் நூற்றாண்டில் இச்செய்தி ஜெர்மனியை எட்டிய பின், மூட்டுவலி, முதுகுவலி மருந்தாக அதன் ஏற்றுமதி பெருகியது.

இச்செடியின் நடுவே ஆழமாக இறங்குவது தாய்க்கிழங்கு. அதிலிருந்து பக்கவாட்டில் செல்லும் வேர்களில் சிறு கிழங்குகள் தோன்றும். முறையறிந்தோர் செடியைச் சற்று விலகித் தோண்டி, பக்கக் கிழங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குழியை மண்ணால் மூடிவிடுவர். தாய்க்கிழங்கு மீண்டும் பக்கக் கிழங்குகளை உருவாக்கும். முதலில் கைவைக்காமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடும் முறை இது. விரைவில் பணம் காண விழைவோர் தாய்க்கிழங்கையும் அகழ்ந்தெடுத்தால் அச்செடி அத்துடன் முடிந்தது. எனவே நமீபியாவில் அரசின் அனுமதிச்சீட்டு பெற்றே கிழங்கு எடுக்கவேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. வேறு வருவாய்க்கு வழியற்ற பல குடும்பங்களுக்கு இக்கிழங்கே கையிருப்பு.

அறிவுக்கு உரியவர் யார்?

செடியைக் காப்பது ஒரு பணி. அதன் பயனைக் கண்டறிந்தோர்க்கு உரிய பங்கைத் தருவது மற்றொரு பணி. இதனை உலகுக்கு உணர்த்தியது ஹூடியா. கள்ளியைப்போல் முள் நிறைந்த தண்டும், அழுகிய இறைச்சியின் நாற்றத்தால் ஈக்களை ஈர்க்கும் பூக்களும் உடையது அது. நெடுந்தொலைவு வேட்டைக்குச் செல்லும் சான் மக்கள், பசியும் தாகமும் தோன்றாதிருக்க அதன் தண்டை மென்று செல்வர்.

தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் ஹூடியாவிலுள்ள பசியடக்கும் பொருளுக்கு 1996இல் காப்புரிமை பெற்றது. உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக்கும் உரிமம் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டது. அவ்வறிவுக்கு உரிய சான் மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே, 2003இல் அம்மக்களின் பேரவையுடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மருந்து உருவாக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு மன்றம் பெறும் தொகையில் 8 விழுக்காடும், விற்பனை வழியே அது பெறும் உரிமத்தொகையில் 6 விழுக்காடும் சான் மக்களுக்கு உரியவை என முடிவாயிற்று. ஆயினும் பாதுகாப்பும் பயனும் ஐயத்துக்குரியவை என்று கண்ட பன்னாட்டு நிறுவனம் 2008இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எதிர்பார்த்த பெருந்தொகை வந்து சேரவில்லை.

எனினும் அவ்வுடன்பாடு வீணாகவில்லை. மரபறிவுக்கும் பங்கு உண்டு என்னும் கொள்கைக்கு அது ஒரு முன்னுதாரணமாயிற்று. 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் ஏற்கப்பட்ட பன்னாட்டு நெறிமுறை அக்கொள்கையை வலுப்படுத்தி, 2014இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. 2002ஆம் ஆண்டின் நம் உயிரியற் பன்மயச் சட்டமும் அதே நோக்கம் கொண்டது.

கலகாரியில் பேயின் நகத்தின் தாய்க்கிழங்கை மண்ணில் விட்டுவைப்பவர் நாளைய விளைச்சலைக் காக்கிறார். செங்காந்தளின் நஞ்சையும் நல்வேளையின் பயனையும் பிரித்தறிந்து சொல்லக்கூடிய மூத்தோர் நம் ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு எழுதி வைப்பதும், எழுதும்போது அவர்கள் பெயரையும் உடன் குறித்து வைப்பதும் நாம் இன்றே தொடங்கக்கூடிய சேமிப்பு.