எந்தத் தட்டை வாங்குவது?

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்கிற்குப் பேருந்தில் போனவர்கள் சாலையோரக் கோல்ஃப் திடலைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் இடம், விளையாடும் இடமன்று. மட்டைகளின் விலை அப்படி. அந்த ஆட்டத்தையே பந்தும் மட்டையும் இல்லாமல், கையால் வீசும் தட்டைக் கொண்டு ஆடுவதுதான் டிஸ்க் கோல்ஃப். குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை இருக்கும். குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவரே வெற்றியாளர்.

1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென நிலையான திடல் ஒன்றை அமைத்தவர் எட் ஹெட்ரிக். 2002இல் அவர் மறைந்தபின் அவருடைய சாம்பலைக் கலந்தே சில தட்டுகளை வார்த்தார்கள். பித்து என்றால் இதுவல்லவா பித்து!

பி.டி.பி.டி.என். கடனில் மாதத்தை ஓட்டும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, ஒரு தட்டுதான் வாங்க முடியும். எதை வாங்குறது?" பட்டர் வாங்குங்கள் என்பேன். ரொட்டியில் தடவுவது அன்று. கூடைக்கு அருகில் வீசப் பயன்படும், மெதுவாகப் பறக்கும் தட்டுக்கு அந்தப் பெயர். ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமும் 175 கிராம் எடையும் உள்ளது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பட்டரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நேராகப் போவது. மற்றொன்று, ஓவர்ஸ்டேபிள் எனப்படுவது, முடிவில் இடப்பக்கம் வலுவாக இழுப்பது. இவற்றை நேர்த் தட்டு, இழுப்புத் தட்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

ஏன் இழுக்கிறது? வலக்கையால் புறங்கை வீச்சாக எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய, காற்று தட்டின் முன்பகுதியை மேலே தூக்கப் பார்க்கும். சுழலாத பொருளானால் முன்பக்கம் நிமிர்ந்துவிடும். சுழலும் தட்டோ அந்த விசைக்குப் பக்கவாட்டில் பதில் சொல்கிறது, இடப்பக்கம் சாய்கிறது. பம்பரம் சாயும்போது கீழே விழாமல் சுற்றிச் சுற்றி ஆடுகிறதே, அதே விதிதான். இழுப்புத் தட்டின் விளிம்பு இந்தச் சாய்வை அதிகமாக்கும்படி வடிக்கப்பட்டிருக்கிறது.

தட்டின்மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, வலத்திருப்பம், இட இழுப்பு. இன்னோவாவின் ஏவியாருக்கு 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்டின் ஸோனுக்கு 4, 3, 0, 3. கடைசி எண்ணைப் பாருங்கள். ஒன்று என்றால் ஏறக்குறைய நேர். மூன்று என்றால் நல்ல இழுப்பு.

"மலையில காத்து அதிகமாச்சே, இழுப்புத் தட்டுதானே சரி?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. எதிர்காற்றில் தட்டு உண்மையைவிட வேகமாகப் போவதுபோல நடந்துகொள்ளும். நேர்த் தட்டு வலப்பக்கம் புரளும், இழுப்புத் தட்டு தாக்குப்பிடிக்கும். பின்காற்றில் நிலைமை தலைகீழ். இழுப்புத் தட்டு சீக்கிரமே இறங்கி இடப்பக்கம் ஓடிவிடும்.

இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்று கோலாலம்பூர்க் காற்றைவிட எட்டில் ஒரு பங்களவு அடர்த்தி குறைந்தது. மெல்லிய காற்றில் தூக்குவிசை குறையும். எந்தத் தட்டும் கொஞ்சம் கூடுதலாகவே இழுப்புக் குணம் காட்டும். கீழே நேராகப் போகும் தட்டு, மேலே போனால் தானாகவே சற்று இழுக்கும். அப்படியிருக்க, இழுப்புத் தட்டையே வாங்கிக்கொண்டு மலையேறுவானேன்?

எங்கள் ஊர்த் திடல் எதுவும் முழுச் சமதளமன்று. இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் தட்டு விளிம்பில் விழுந்தால் சக்கரம்போல் உருண்டோடும். கீழே தேயிலை நிரை இருந்தால் செடி செடியாகக் குனிந்து தேட வேண்டியதுதான். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று மெதுவாக வீசும்போது நேர்த் தட்டு போதும். அது நம் கையை அப்படியே காட்டிக்கொடுக்கும் என்பதும் எனக்குப் பிடித்த குணம். மணிக்கட்டு சாய்ந்தால் சாய்ந்தபடியே போகும். இழுப்புத் தட்டை எப்படி வீசினாலும் இடப்பக்கம்தான் வரும். தவறு நம்முடையதா தட்டினுடையதா என்று தெரியாது.

ஆகவே முதல் தட்டு நேர்த் தட்டாக இருக்கட்டும். விலை குறைந்த, சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். தூறலில் கைக்குப் பிடிப்புக் கிடைக்கும். அது அடிபட்டுத் தேயும்போது இருக்கும் சிறிது இழுப்பும் குறைந்துவிடும். எதிர்காற்றுக்கு இழுப்புத் தட்டு வாங்குவதை அப்போது யோசிக்கலாம். பையில் ஒரு பழைய துண்டும் இருக்கட்டும்.