திருச்சானூர் உலர்மாலையும் நம் வீட்டுத் தோரணமும்

திருச்சானூர் அலர்மேல்மங்கைத் தாயாருக்குக் கார்த்திகை பிரம்மோற்சவம் ஒன்பது நாள் நடந்து, பத்மசரோவரத்தில் பஞ்சமி தீர்த்தத்தோடு நிறைவுறும். அந்நாட்களில் ஸ்நபன திருமஞ்சனம் சேவித்தவர்கள் அங்கே சாத்தும் மாலைகளை மறந்திருக்கமாட்டார்கள். பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள், சந்தனம் என அபிஷேகம் ஆக ஆக, மாலையும் கிரீடமும் மாறிக்கொண்டே வரும். ஏலக்காயில் ஒன்று, வெட்டிவேரில் ஒன்று, உலர்திராட்சை, பாதாம், முந்திரி எனப் பிறவும். இவற்றைக் கட்டித் தருவோரில் நம் திருப்பூர்க்காரர்களும் உண்டு என்பது இம்மலரின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

இதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் கோக்கிறார்கள். பிறகு கடைக்கு வந்து, "மாமா, ரெண்டே நாள்ல வாசனை போயிடுச்சே" என்பார்கள். மணச்சரக்கு வியாபாரி என்ற முறையில் அதற்குக் காரணம் சொல்லவே இக்கட்டுரை.

ஏலக்காயின் மணம் தோலில் இல்லை. உள்ளே இருக்கும் அரிசியில் உண்டு. தோல் அதற்கு மூடி. தடித்த கோணி ஊசியால் குத்தினால் காய் பிளந்து மணம் வெளியேறிவிடும். எனவே மெல்லிய ஊசி, பருத்தி நூல், வெடிக்காத முழுக்காய். போடிநாயக்கனூர் சரக்கில் 8 எம்.எம். காய் கேட்டு வாங்கலாம். கர்நாடகத்து ஹாவேரியில் ஏலக்காய் மாலை கட்டுவதே ஒரு தொழில்.

கிராம்பு விஷயம் வேறு. அது பூக்காத மொட்டு. நல்ல சரக்கில் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறையாமல் எண்ணெய் இருக்கும். அதை வடித்துவிட்டுச் சக்கையை விற்பவர்களும் உண்டு. நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு, அதாவது மகாவீரர் நிர்வாண நாளுக்கு, ஜினாலய வாசலுக்கென்று மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கிய கிராம்பில் தோரணம் கோத்தேன். என் மனைவி முகர்ந்து பார்த்து, "என்னங்க, கரிக்குச்சியைக் கோத்த மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து தண்ணீர்ச் சோதனை செய்யாமல் வாங்குவதில்லை. எண்ணெயுள்ள கிராம்பு தண்ணீரில் அடியில் இறங்கும், சக்கை மிதக்கும்.

(வடநாட்டுத் திகம்பரரில் தேராபந்தி மரபினர் பூப்பறிப்பதில் உள்ள ஹிம்சை கருதி, பூஜையில் பூவுக்குப் பதில் கிராம்பும் மஞ்சளரிசியும் வைப்பர். நம் தமிழ்ச் சமணரிடம் பூ உண்டு.)

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சமயம் முழு ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பைச் செருகித் தொங்கவிடுவார்கள். குளிர்ந்த உலர்காற்றில் பழம் மெல்ல வற்றும். நம்ம பக்கம் கார்த்திகை மழைக்காலம். முழுப்பழம் பூசணம் பிடித்துவிடும். ஆகவே கமலா ஆரஞ்சையோ சாத்துக்குடியையோ மெல்லிய வில்லைகளாக அரிந்து, முறுகக் காயவைத்த பிறகே கோக்க வேண்டும். இரண்டு வில்லைக்கு நடுவே ஒரு பட்டைத்துண்டு. வெட்டிவேருக்கு மட்டும் ஈரம் வேண்டும். தண்ணீர் தெளித்தால்தான் மணம் எழும். அதனால் அதைத் தனிச்சரமாகக் கட்டுங்கள், மற்றதோடு சேர்த்துக் கட்டினால் எல்லாம் கெடும்.

பளபளப்புக்காக வார்னிஷ் பூசுவது வேண்டாம். அது மணத்தையும் சேர்த்து அடைத்துவிடும். ஏலக்காய் கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் ஈரத்துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயமானால் ஒட்டும். சாயமில்லாத காயென்றால், பண்டிகை முடிந்து மாலையைப் பிரித்ததும் சர்க்கரைப் பொங்கலுக்குத் தட்டிப் போடலாம்.