சியாம் உலா – 5: அரசர்களின் கரையும் வணிகர்களின் கரையும்

சென்ற இதழில் விளக்கப்பட்ட சுகோதாயை விட்டுத் தெற்கே இறங்கும் பயணிகளுக்குச் சுற்றுலா முகவர்கள் வகுத்துத்தரும் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது: முதற்பாதி வரலாற்றுக்கு, பிற்பாதி கடற்கரைக்கு. பார்க்க வேண்டியவை பழைய நகரங்களில் முடிந்துவிடுகின்றன, கடலோரத்தில் குளிப்பதும் ஓய்வெடுப்பதும்தான் மிச்சம் என்ற எண்ணமே இப்பகுப்புக்கு அடிப்படை. தாய்லாந்தின் வரலாற்றை ஓரளவு அறிந்தவர்களுக்கு இது பொருந்தாப் பகுப்பு; ஏனெனில் அந்நாட்டின் பெருநகரங்களை வளர்த்தது கடல் வணிகம், கடலோர ஊர்கள் சிலவற்றைப் புகழ்பெறச் செய்தவர்கள் அரசர்கள்.

பாங்காக்கிற்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், சாவோ பிரயா, பா சாக், லோப்புரி ஆகிய மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவுபோல் அமைந்த அயுத்தயா, 1351இல் தலைநகராக நிறுவப்பட்டு, 1767இல் பர்மியப் படையால் எரித்து அழிக்கப்படும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்தும் அது ஒரு துறைமுக நகரமே. ஆற்று வழியே ஏறிவந்த கலங்களோடு வந்த போர்த்துகீசியர், ஜப்பானியர், டச்சுக்காரர் ஆகியோருக்கு மதிலுக்கு வெளியே தனித்தனிக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மகாதாத் கோயிலில் ஆலமர வகை மரம் ஒன்றின் வேர்களிடையே சிக்கியிருக்கும் புத்தரின் தலையைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவோரே மிகுதி. அருகிலேயே, அரியணைக்காக யானைமேல் பொருது இருவரும் மாண்ட இளவரசர்களின் நினைவாக அவர்களின் தம்பி 1424இல் எழுப்பிய ராச்சபுரணா கோயில் இருக்கிறது. அதன் நிலவறையைத் திருடர்கள் 1957இல் உடைத்தபின் மீட்கப்பட்ட பொன்னணிகளும் பொன்வாளும் சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அயுத்தயாவின் செல்வம் எத்தகையது என்பதை வேரில் சிக்கிய தலையைவிட இப்பொன்னே தெளிவாகக் காட்டுகிறது.

இச்செல்வத்தில் ஒரு பங்கு வங்கக்கடல் வழியாக வந்தது. சோழமண்டலக் கரையில் சியாமியரின் விருப்பத்துக்கேற்ப வரைந்து சாயமேற்றப்பட்ட பருத்தித் துணிகள், இன்று மியான்மரில் உள்ள மெர்குய் துறையில் இறக்கப்பட்டு, மலைக்கணவாய் வழியே தீபகற்பத்தைக் கடந்து, தாய்லாந்து வளைகுடாவின் கரையை அடைந்து, அங்கிருந்து வடக்கே தலைநகருக்குச் சென்றன. இவ்வழியில் இருந்த ஊர்களுள் ஒன்றான பெச்சபுரி, இன்று கடற்கரைக்கு விரையும் வண்டிகள் நிற்காமல் கடந்துபோகும் ஊர். கெமர் காலத்துச் செம்புரைக்கல் கோயிலும், வயல் வரப்புகளில் வரிசையாக நிற்கும் பனைமரங்களும், அப்பனையின் வெல்லம் சேர்த்துச் சுட்ட இனிப்புகளும் அங்கே உண்டு. ஊரின் நடுவே எழும் குன்றின்மேல், நான்காம் ராமா எனப்படும் மோங்குட் அரசர் 1859 முதல் கட்டுவித்த அரண்மனையில், அவர் விண்மீன்களை நோக்குவதற்கென்று கண்ணாடிக் கூரையிட்ட கோபுரம் ஒன்றும் உள்ளது.

வானியலில் அவருக்கிருந்த ஈடுபாடே அவர் உயிரையும் வாங்கியது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தாமே கணித்த அவர், பிரச்சுவாப் கிரிகான் மாவட்டத்தில் வாகோ என்னும் சதுப்பு நிறைந்த கடற்கரையைத் தேர்ந்து, அங்கே தற்காலிக அரண்மனை எழுப்பி, பிரெஞ்சு அறிவியலாளர்களையும் சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலேய ஆளுநரையும் வரவழைத்தார். கணிப்பு பலித்தது. ஆனால் அக்கரையில் தொற்றிய மலேரியாக் காய்ச்சல் அக்டோபர் 1 அன்று அவரைக் கொண்டுபோயிற்று. அதே கிரகணத்தை மதராஸ் வானாய்வகத்தின் இரகுநாதாச்சாரி தெலுங்கு நாட்டு வனபர்த்தியிலிருந்து பதிவுசெய்தார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தி. வாகோவில் இன்று அறிவியல் பூங்காவும் மீன் காட்சியகமும் உள்ளன.

1911இல் தெற்கு ரயில்பாதை இதே கரையிலுள்ள ஹுவா ஹினை எட்டியபின் மீனவர் குப்பமாக இருந்த அவ்வூர் அரச குடும்பத்தின் கோடை வாசமாயிற்று. ஆயினும் இக்கரையில் மிக நிதானமாகப் பார்க்க வேண்டியது, ஊருக்குச் சற்று வடக்கே ஆறாம் ராமாவான வஜிராவுத் அரசருக்காக 1923–24இல் எழுந்த மிருகதாயவான் அரண்மனை. எர்கோலே மன்ஃப்ரெடி என்னும் இத்தாலியரின் வடிவமைப்பில் தேக்கால் அமைந்த அக்கட்டடங்கள், நூற்றுக்கணக்கான தூண்கள்மேல் தரையிலிருந்து உயர்த்தப்பட்டு, கூரையிட்ட நீண்ட நடைவழிகளால் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தூணின் அடியையும் சுற்றிச் சிறு பள்ளம் வெட்டி நீர் நிரப்பியதால் எறும்பு ஏறவில்லை. தரைக்கடியில் புகுந்த கடற்காற்று அறைகளைக் குளிர்வித்தது. நாடகாசிரியரான அவ்வரசர் தம் நாடகங்களை நடத்துவதற்கு ஓர் அரங்கும் இருந்தது. 1925இல் அவர் மறைந்ததால் இரு கோடைகளுக்கு மேல் அங்கே தங்க வாய்க்கவில்லை. அவருக்குப்பின் வந்த பிரஜாதிபோக், ஹுவா ஹினில் ‘கவலைகளுக்கு அப்பால்’ எனப் பொருள்படும் கிளாய் காங்வோன் அரண்மனையைக் கட்டி, 1932 ஜூன் 24 அன்று அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தபோதுதான், பாங்காக்கில் புரட்சி வெடித்து முடியாட்சியின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்த செய்தி அவரை எட்டியது.

மேற்கே அந்தமான் கடலோரத்தில் அரண்மனைகள் அரிது. அது வணிகர்களின் கரை. காவ் லாக் விடுதிகளுக்கு வடக்கே உள்ள தக்குவாபாவிலிருந்து தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரையின் சாயாவை அடைந்த பாதை ஒன்று இருந்ததென அறிஞர் பலர் கருதுகின்றனர். தக்குவாபாவின் முகத்துவாரத்தை அடுத்த கோ கோ காவ் தீவில், துங் துக் என்னுமிடத்தில் நடந்த அகழாய்வில் தாங் அரசர் காலத்துச் சீன மட்கலங்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. ஆற்றின் மேற்பகுதியில் மரவேர்கள் சுற்றி வளைத்த நிலையில் திருமால் உள்ளிட்ட கற்சிலைகளும், அவற்றோடு தொடர்புடைய 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கண்டெடுக்கப்பட்டன. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் குளம் தோண்டி அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரின் பொறுப்பிலும், சேனாமுகத்தார் எனப்பட்ட படைவீரர்களின் பொறுப்பிலும் ஒப்படைத்ததை அது தெரிவிக்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். சிதைந்த சில வரிகளே கொண்ட இக்கல்லைப் படையெடுப்புக்குச் சான்றாக்கிப் பெருமை பேசுவோர் உண்டு; கல் கூறுவதோ ஒரு குளத்தையும் அதைக் காக்க வேண்டியவர்களையும் பற்றி மட்டுமே. கரையில் நீண்டநாள் தங்கியவர்களுக்குத்தான் நல்ல தண்ணீர் இன்றியமையாதது என்பதால், ஒரு படையெடுப்புச் செய்தியைவிட இது மதிப்புமிக்க சான்றாகும்.

கல்வெட்டு இப்போது நக்கோன் சி தம்மரத் அருங்காட்சியகத்திலும், திருமால் சிலை புக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்திலும் உள்ளன. கீழ்த்திசைக்குக் கலங்களை உந்திய தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையில் கடலைக் கொந்தளிக்கச் செய்வதால், அம்மாதங்களில் மணற்பரப்பில் சிவப்புக் கொடி பறக்கும். விடுதிகளின் வாடகையும் குறையும். குளிக்க வருவோர்க்கு அது ஏற்ற காலமன்று. தலாங்கிற்கும் தக்குவாபாவின் பழைய தெருக்களுக்கும் செல்ல விரும்புவோருக்கு மழை பெரிய தடையாகாது. கிழக்குக் கரையில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதால், இரு கரைகளையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்வது நல்லது.